பத்தாவது கல்யாண நாளுக்கு அந்தமான்: சீட்டை எடுக்கலாமா?

கேள்வி: நாங்கள் குடியாத்தத்தில் இருக்கிறோம். கணவர் ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர், கைக்கு 62,000 வருகிறது. நான் தனியார் பள்ளி ஆசிரியை, எனக்கு 30,000. ஒரே மகள், எட்டு வயது. வீட்டுக் கடன் இஎம்ஐ 19,000. மகள் படிப்புக்காக 3 லட்ச ரூபாய் ஏலச்சீட்டு கட்டுகிறோம். மாதம் 15,000, மொத்தம் 20 மாதம், மூன்று மாதம் கட்டியாகிவிட்டது. அவசரத்துக்கு என்று ஒன்றரை லட்சம் டெபாசிட்டில் இருக்கிறது. தீபாவளி போனஸ் 50,000 வரும். அடுத்த வைகாசியில் எங்கள் பத்தாவது கல்யாண நாள். திருப்பதி, ஏலகிரி தவிர எங்கும் போனதில்லை. கடலும் காடும் சேர்ந்த ஓர் இடத்தில், ஒரு தடவையாவது நல்ல ரிசார்ட்டில் ஸ்டைலாகத் தங்கிவிட்டு வர ஆசை. டிராவல்ஸில் மே கடைசி வாரம் அந்தமான், ஆறு இரவும் ஃபைவ் ஸ்டார், மூவருக்கும் 2,85,000 என்கிறார்கள். ‘வட்டியில்லா’ இஎம்ஐயும் உண்டாம். சீட்டைத் தள்ளி எடுத்துக் கட்டிவிடலாமா? இன்னொரு பக்கம், ஒரு ஹாலிடே கிளப்பில் 4,80,000 கட்டினால் 25 வருடத்துக்கு வருடம் ஏழு இரவு ‘இலவசம்’, பராமரிப்புக்கு மட்டும் வருடம் 18,000 என்று விடாமல் போன் செய்கிறார்கள். எது சரி?
– ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: தாராளமாகப் போய்வாருங்கள். மாதம் 92,000 சம்பாதிக்கும் குடும்பம் பத்து வருடத்துக்கு ஒரு முறை இப்படிப் போவதில் தப்பே இல்லை. ஆனால் மே கடைசி வாரம் வேண்டாம், ஆறு இரவும் ஃபைவ் ஸ்டார் வேண்டாம். இந்த இரண்டை மாற்றினாலே சீட்டைத் தொடவேண்டிய அவசியம் வராது.

முதலில் தேதி. அக்னி நட்சத்திரத்தில் வேலூர் மாவட்டத்தை விட்டு ஓடவேண்டும் என்ற ஆசை எனக்கும் புரிகிறது. ஆனால் தென்மேற்குப் பருவமழை ஜூன் 1 வாக்கில் கேரளாவுக்கு வருவதற்கு முன்பே, வழக்கமாக மே மூன்றாம் வாரத்தில், அந்தமானைத் தொட்டுவிடும். மழையில் நனைவதுகூடப் பரவாயில்லை. விமானம் இறங்குவது ஸ்ரீ விஜயபுரத்தில். 2024 வரை போர்ட் பிளேர் என்று இருந்த அதே ஊர். நீங்கள் படத்தில் பார்த்து ஆசைப்பட்ட கடற்கரை இருப்பது ஹேவ்லாக் என்கிற ஸ்வராஜ் தீவில். அங்கே ஃபெர்ரி ஏறித்தான் போகவேண்டும். கடல் கொந்தளித்தால் ஃபெர்ரி ரத்து. நீங்கள் துறைமுகத்தில் பையோடு உட்கார்ந்திருக்க, அந்தப் பக்கம் இரவுக்கு இருபதாயிரம் கொடுத்த அறை காலியாகக் கிடக்கும். அந்தப் பணம் திரும்பி வருமா என்பது ரிசார்ட்டின் ரத்து விதியைப் பொறுத்தது. டிராவல்ஸ்காரர் இதைச் சொன்னாரா என்று கேட்டுப் பாருங்கள்.

கல்யாண நாள் வைகாசியில் வந்தாலும் பயணம் சித்திரையிலேயே முடியட்டும். ஏப்ரல் கடைசி வாரம் மகளுக்கு முழுப் பரீட்சை முடிந்திருக்கும், உங்களுக்கும் பள்ளி விடுமுறை. வெயில் இருக்கும், ஆனால் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். கணவருக்கு மட்டும்தான் லீவு வாங்கவேண்டும்.

அடுத்தது ஸ்டைல். ஆறு நாளில் பாதி நேரம் ஃபெர்ரியிலும் காரிலும் போய்விடும். காலையில் ஏழு மணிக்குக் கிளம்பி ராத்திரி வந்து படுக்கும் அறைக்கு ஃபைவ் ஸ்டார் வாடகை எதற்கு? செலுலார் சிறை பார்க்கும் அன்று எந்த லாட்ஜில் தூங்கினாலும் ஒன்றுதான். ஸ்டைலை இரண்டு இரவில் குவியுங்கள். ஹேவ்லாக்கில் ராதாநகர் கடற்கரையை ஒட்டிய காட்டுக்குள்ளேயே ரிசார்ட்டுகள் இருக்கின்றன. ஓங்கிய மரங்களுக்கு நடுவே குடில், நாலு எட்டு வைத்தால் வெள்ளை மணல். 2004இல் டைம் பத்திரிகை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று சொன்னது இதைத்தான். நீங்கள் கேட்ட கடலும் காடும் அங்கே ஒன்றாகவே கிடைக்கும். அந்த இரண்டு நாளும் எங்கும் சுற்றாதீர்கள். கொடுத்த காசுக்கு அங்கேயே கிடந்துவிட்டு வாருங்கள்.

மற்ற நாலு இரவுக்கு அறை தேடும்போது ஜிஎஸ்டியைக் கவனியுங்கள். ஓர் இரவு வாடகை 7,500 வரை 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18 சதவீதம். 7,400 ரூபாய் அறை வரியோடு 7,770 ஆகும். 7,800 ரூபாய் அறை 9,204 ஆகிவிடும். நானூறு ரூபாய் வித்தியாசம் பில்லில் ஆயிரத்து நானூறைத் தாண்டுகிறது. பெரிய ரிசார்ட்டுகளில் சாப்பாட்டுக்கும் பொதுவாக 18 சதவீதம்தான்.

என் கணக்கு இது. டிக்கெட் விலை நாளுக்கு நாள் மாறும் என்பதால் கொஞ்சம் தாராளமாகவே போட்டிருக்கிறேன். சென்னையிலிருந்து மூவருக்கும் போகவர விமானம் 48,000. ஃபெர்ரி 11,000. ரிசார்ட் இரண்டு இரவு, தலா இருபதாயிரம், வரியோடு 47,200. சாதாரண அறை நாலு இரவு, தலா 4,500, வரியோடு 18,900. சாப்பாடு 21,000, உள்ளூர் கார் 15,000, கடல் விளையாட்டுகள் 10,000. குடியாத்தத்திலிருந்து சென்னை விமான நிலையம் போகவர டாக்சிக்கு 8,000. அந்தமான் விமானங்கள் பெரும்பாலும் காலையில்தான் என்பதால் காட்பாடியில் ரயிலைப் பிடித்துப் போகலாம் என்று நினைக்காதீர்கள். ஃபெர்ரி தாமதம், கூடுதல் இரவு போன்றவற்றுக்கு 10,000. எல்லாம் சேர்ந்து 1,89,100.

இதற்குப் பணம் எங்கே? சம்பளத்தில் இஎம்ஐயும் சீட்டும் போக 58,000 நிற்கிறது. இந்த ஜூனிலிருந்து மார்ச் வரை பத்து மாதத்துக்கு, மாதம் 13,500 ஆர்டி போடுங்கள். 1,35,000 சேரும், வட்டி மூன்றரை, நாலாயிரம் வரும். தீபாவளி போனஸ் வந்த கையோடு விமான டிக்கெட்டைப் போட்டுவிடுங்கள். ஆர்டி முதிரும் வரை காத்திருந்தால் ஏப்ரல் டிக்கெட் விலை எங்கேயோ போய்விடும். ரத்து செய்தால் பணம் திரும்பும் வகையில் அறைகளைப் பதிவு செய்து, ஆர்டி பணத்தில் கட்டுங்கள். ஒன்றரை லட்சம் டெபாசிட் அப்படியே இருக்கட்டும். அது ஆஸ்பத்திரிக்கும் வேலை போகும் மாதத்துக்குமான பணம்.

சீட்டை ஏன் எடுக்கவேண்டாம் என்கிறேன்? ஆரம்ப மாதங்களில் ஏலத்தில் தள்ளு, அதாவது முன்கூட்டியே எடுப்பதற்காக விட்டுக்கொடுக்கும் தொகை, அதிகம். நாலாவது மாதம் 75,000 தள்ளி எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். கைக்கு 2,25,000 வரும். அதில் டிராவல்ஸ்காரர் கேட்கும் 2,85,000கூட அடையாது. அந்தமான் நினைவுகள் மங்கிய பிறகும் மாதாமாதம் சீட்டுப் பணம் கட்டவேண்டும், எடுக்கும்போது ஜாமீனுக்கு யாரையாவது தேடவேண்டும். மகள் படிப்புக்கு என்று போட்டது, கடைசிவரை போய் ஏறக்குறைய முழுசாக வரட்டும். அந்தச் சீட்டு பதிவு செய்யப்பட்டதுதானா என்பதை மட்டும் இந்த வாரமே பாருங்கள். பாஸ்புக்கில் பதிவு விவரம் இருக்கவேண்டும். மாதம் எட்டு, பத்து சதவீதம் தருகிறோம் என்றவர்களிடம் நம் பக்கத்தில் எத்தனை குடும்பம் ஏமாந்தது என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

‘வட்டியில்லா’ இஎம்ஐ என்ற ஒன்றே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013லேயே சொல்லிவிட்டது. வட்டி பேக்கேஜ் விலைக்குள்ளேயோ, பிராசசிங் கட்டணத்திலோ ஒளிந்திருக்கும். ரொக்கமாகக் கட்டினால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேளுங்கள், தெரிந்துவிடும்.

ஹாலிடே கிளப் விஷயத்தில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை, வேண்டாம். 4,80,000 ரூபாயை 7 சதவீதத்துக்குப் போட்டாலே வருடம் 33,600 வட்டி. அதோடு பராமரிப்பு 18,000. ஆக வருடம் 51,600. ஏழு இரவால் வகுத்தால் ஓர் இரவு ஏழாயிரத்து முந்நூற்றுச் சொச்சம். இதற்கா ‘இலவசம்’ என்கிறார்கள்? வட்டியை மட்டும்தான் கணக்கில் எடுத்திருக்கிறேன், 25 வருடம் கழித்து அசலும் கிடையாது. பராமரிப்புக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும், பள்ளி விடுமுறையில் எல்லா உறுப்பினர்களும் ஒரே அறைக்குத்தான் மோதுவார்கள். பரிசு விழுந்திருக்கிறது, தம்பதியாக ஹோட்டலுக்கு வாருங்கள் என்று கூப்பிட்டால், போகாமல் இருப்பது உத்தமம். போய்விட்டால் அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள்.

கணவர் சம்பளத்தில் எல்டிஏ (விடுமுறைப் பயணப் படி) இருக்கிறதா, அவர் பழைய வரி முறையில் இருக்கிறாரா என்று கேளுங்கள். இரண்டுமே ஆம் என்றால் அந்த 48,000 விமானச் செலவுக்கு, எல்டிஏ தொகை அளவுக்கு, வரி விலக்குக் கிடைக்கும். டிக்கெட்டையும் போர்டிங் பாஸையும் எறிந்துவிடாதீர்கள். ரிசார்ட் பில்லுக்கு இது செல்லாது.

செலவில் வெட்டவேண்டிய இன்னொன்று பாராடாங் தீவு டூர். சுண்ணாம்புக் குகை, சதுப்புநிலக் காடு எல்லாம் உண்டுதான். ஆனால் சாலை வழி ஜாரவா பழங்குடியினரின் காப்புக் காட்டுக்குள் போகிறது. வழியில் ஆட்கள் தெரிவார்கள் என்று ஆசைகாட்டி விற்கும் ஏஜென்ட்டிடம் எதையும் வாங்காதீர்கள். அவர்களைப் படம் எடுப்பதே சட்டப்படி குற்றம். காட்டுக்குள் நடக்கவேண்டுமென்றால் ஹேவ்லாக்கிலேயே எலிஃபென்ட் பீச்சுக்கு மரங்களுக்கு நடுவே நடைவழி இருக்கிறது, அதற்கு இவ்வளவு செலவில்லை. ஸ்கூபா டைவிங்குக்கு மூன்று பேருக்கும் முன்பணம் கட்டிவிடாதீர்கள். பத்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளைப் பொதுவாகக் கடலுக்குள் இறக்கமாட்டார்கள். மகளுக்குக் கண்ணாடி அடிப் படகு போதும்.

ஊர் திரும்புவதற்கு முந்தின இரவு கட்டாயம் ஸ்ரீ விஜயபுரத்தில் தங்குங்கள். ஹேவ்லாக்கிலிருந்து ஃபெர்ரியில் வந்து அதே நாளில் விமானம் பிடிக்கும் திட்டத்தை யார் போட்டுக் கொடுத்தாலும் வேண்டாம். கையில் பத்தாயிரமாவது ரொக்கம் இருக்கட்டும், தீவில் நெட்வொர்க் படுத்துக்கொண்டால் ஜிபேயும் படுத்துக்கொள்ளும். பேசுவதற்குக் கவலையில்லை, அங்கே தமிழர்கள் நிறைய.