ஹார்ப் இசையும் ஒலி அதிர்வும் நோயைக் குணமாக்குமா? 432 ஹேர்ட்ஸ் சிகிச்சைக்குப் பணம் கட்டலாமா?

நோயைக் குணமாக்காது. ஆனால் வேதனையில் கிடக்கிறவரைக் கொஞ்ச நேரம் ஆறுதலாகப் படுக்க வைக்கும், அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். 432 ஹேர்ட்ஸில், அதாவது நொடிக்கு 432 அதிர்வு என்ற கணக்கில் சுருதி சேர்த்த இசை நோயைத் தீர்க்கும் என்று சொல்லி, பத்து அமர்வுக்கு இவ்வளவு என்று கேட்கிறார்கள் என எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வீட்டிலும் யாரோ படுக்கையில் இருக்கிறார்கள் போல, அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

என் அப்பா யாழ்ப்பாணத்தில் தமிழ் வாத்தியாராக இருந்தவர். ஈரலில் புற்றுநோய் வந்து லண்டனில் ஒரு ஹொஸ்பிஸில், அதாவது குணமாகாத நோயாளிகளைக் கடைசிக் காலத்தில் பராமரிக்கிற இடத்தில், கடைசி ஐந்து கிழமை இருந்தார். காது ஏற்கெனவே மந்தம், கருவி போட்டாலும் பேச்சு விளங்கவில்லை என்று கழற்றி லாச்சிக்குள் போட்டுவிட்டார். செவ்வாய்க்கிழமைகளில் ஒரு பெண் அங்கே ஹார்ப் வாசிக்க வருவார், நம்முடைய யாழ் போன்ற நரம்புக் கருவி அது. மேடையில் ஆளுயரம் நிற்கிற 47 நரம்பு ஹார்ப் இல்லை, மடியில் வைக்கிற சின்னது. காது கேளாதவருக்கு எதற்கு என்று நான் வேண்டாம் சொல்லப் போக, அப்பாதான் கையைக் காட்டி வரச் சொன்னார்.

“எத்தினை நரம்பு பிள்ளை?” என்று கேட்டார். அவருடைய உள்ளங்கையில் விரலால் 26 என்று எழுதினேன். “பேரியாழுக்கே இருபத்தொண்டுதான்” என்றார், பழந்தமிழரின் பெரிய யாழைச் சொன்னார். யாழின் பெயரிலேயே இருக்கிற ஊரில் பிறந்து, பழைய யாழ்களை ஆராய்ந்த விபுலானந்த அடிகளின் யாழ் நூலை எழுத்தெண்ணிப் படித்தவர், அப்படி ஒரு கருவியை அன்றுதான் பக்கத்தில் பார்த்தார்.

அந்தப் பெண் ஹார்ப்பைக் கட்டிலோடு ஒட்டி வைத்து, அப்பாவின் கையை எடுத்து அதன் பத்தரில், அதாவது உள்ளே வெறுமையாக இருக்கிற மரப்பெட்டியின் பின்பக்கத்தில் வைத்தார். ஹார்ப்பில் இடம் தெரிவதற்காக ஒவ்வொரு ஸ்தாயியிலும் ஒரு நரம்பு சிவப்பாகவும் ஒன்று கறுப்பாகவும் இருக்கும். அடியில் இருந்த தடித்த சிவப்பு நரம்பை மீட்டியதும் அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். “அதிருது” என்றார். வயதாகிக் காது போகும்போது உச்ச ஒலிகள்தான் முதலில் போகும், தாழ்ந்த ஒலி ஓரளவு நிற்கும், கேளாததைக் கை வாங்கிக்கொள்ளும். இதில் மந்திரம் எதுவும் இல்லை.

அந்தப் பெண் தெரிந்த பாட்டு எதையும் வாசிக்கவில்லை. அப்பாவின் நெஞ்சைப் பார்த்தபடி, மூச்சின் வேகத்திலேயே தொடங்கி மெல்ல மெல்லத் தளர்த்தினார். நான் மணிக்கூட்டைப் பார்த்து எண்ணினேன், அந்த நாட்களில் அதுதான் என் வேலை. நிமிடத்துக்கு 28 மூச்சு, அரை மணித்தியாலத்தில் 19. போர்வையைச் சுருட்டிப் பிடித்திருந்த இடது கை தானாக விட்டது.

ஒருவருடைய அனுபவம் ஆதாரமாகாது என்று யாரும் எழுத வருவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: மோர்பின் அன்றும் கொடுத்தார்கள், புற்று துளியும் குறையவில்லை. சத்திரசிகிச்சைக்கு முன் இசை கேட்டால் பதற்றம் குறைகிறது என்று ஆய்வுகள் உண்டு. 1980களில் நோர்வேயில் ஓலாவ் ஸ்கில்லே என்பவர் கதிரைக்குள்ளும் கட்டிலுக்குள்ளும் ஒலிபெருக்கி வைத்து, 30 முதல் 120 ஹேர்ட்ஸ் வரையான தாழ்ந்த ஒலியை உடம்புக்குக் கொடுத்துப் பார்த்தார். தசை இறுக்கம் தளர்வதற்காக. புற்றைக் கரைப்பதற்காக இல்லை.

சரி, 432. அந்தப் பெண் போனில் இருந்த, சுருதி காட்டுகிற டியூனரைப் பார்த்து, A என்ற சுரம் நொடிக்கு 440 முறை அதிரும்படி, 440க்குத்தான் சுருதி சேர்த்தார். ஊருக்கொரு சுருதியாக இருந்ததை ஒன்றாக்க 1955இல் சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு ஏற்றுக்கொண்ட அளவு அது. 440இல் நோயும் இல்லை, 432இல் மருந்தும் இல்லை. எங்களிடம் அவர் ஒரு சதம் வாங்கவில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று. அப்பாவை “கொண்டுபோய் விட்டிட்டா” என்று சொந்தத்துக்குள் கதைத்தார்கள். ஐந்து கிழமையில் ஒரு தரம் வந்து போனவர்கள்தான் கூடக் கதைத்தார்கள். வீட்டில் இரவு மூன்று மணிக்கு அவர் வலியில் கத்தும்போது நான் தனி ஆள். ஹொஸ்பிஸில் மணியை அழுத்தினால் நர்ஸ் வந்தார். இதை யாரிடமும் சொல்லக் கிடைக்கவில்லை, அதனால் இங்கே.

பணம் கட்ட வேண்டாம். மருந்தையும் நிறுத்த வேண்டாம். அக்கம்பக்கத்தில் வீணை படிக்கிற பிள்ளை இருந்தால் ஒருநாள் கூப்பிடுங்கள், வீணையைக் கட்டிலோடு ஒட்டி வைத்து, படுத்திருப்பவரின் கையைக் குடத்தில் வைத்துவிட்டு, மந்தர ஸ்தாயியில் மெதுவாக வாசிக்கச் சொல்லுங்கள். அந்த நேரம் ரீவியை மட்டும் நிறுத்திவிடுங்கள்.