கருவில் குறை கண்டறியும் ஸ்கேன்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கருவிலுள்ள குழந்தைக்கான ஸ்கேன் பார்ப்பதே என் வேலை. உங்கள் ரிப்போர்ட்டை நேரில் பார்க்கும் மருத்துவரின் சொல்லே முடிவானது என்பதை மனதில் கொண்டு படியுங்கள்.

திருமணத்துக்கு முன்பிருந்தே எனக்குச் சர்க்கரை. இப்போது 9 வாரம். எந்தெந்த ஸ்கேன் எடுக்க வேண்டும்? (திண்டுக்கல்)

முதலில் ஹெச்பிஏ1சி, அதாவது கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு, எவ்வளவு என்று பாருங்கள். குழந்தையின் உறுப்புகள் உருவாகும் முதல் வாரங்களில் சர்க்கரை கட்டுக்குள் இருந்ததா என்பதை அது காட்டும். இல்லையென்றால் இதயமும் முதுகுத்தண்டும்தான் முதல் கவலை.

11 வாரம் முடிந்ததிலிருந்து 13 வாரம் 6 நாளுக்குள் என்.டி. ஸ்கேன் (குழந்தையின் பிடரியில் தேங்கும் நீரின் தடிமனை அளப்பது), 18 முதல் 20 வாரத்துக்குள் அனாமலி ஸ்கேன் (உறுப்புகளில் குறை உண்டா என்று பார்ப்பது), 22 முதல் 24 வாரத்துக்குள் இதயத்துக்கென்று தனியாக ஃபீட்டல் எக்கோ. மூன்றும் உங்களுக்கு அவசியம்.

அனாமலி ஸ்கேனிலேயே இதயத்தைப் பார்த்துவிடுவார்களே என்று கேட்பீர்கள். நான்கு அறைகளும் சரியாகத் தெரிந்தால் மட்டும் போதாது. இதயத்திலிருந்து புறப்படும் இரண்டு பெரிய ரத்தக்குழாய்களும் ஒன்றையொன்று குறுக்காகக் கடந்து போக வேண்டும். பக்கம் பக்கமாக ஓடினால் அவை இடம் மாறியிருக்கக்கூடும். அந்தக் குழந்தை வயிற்றுக்குள் நன்றாக வளரும். பிறந்த சில மணி நேரத்தில் நீலம் பாரித்துவிடும். முன்கூட்டியே தெரிந்தால் குழந்தை இதய அறுவை வசதியுள்ள மருத்துவமனையில் பிரசவம் வைத்துக்கொள்ளலாம். உயிரைக் காப்பது அந்த ஏற்பாடுதான்.

முதல் குழந்தை முதுகுத்தண்டு மூடாமல் பிறந்தது. அடுத்ததற்கும் வருமா? (தருமபுரி)

மற்றவர்களைவிட உங்களுக்கு வாய்ப்பு அதிகம். ஆனால் பெருமளவு தடுக்கலாம். ஃபோலிக் அமிலம் 5 மில்லிகிராம் மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு, கருத்தரிப்பதற்கு முன்பே தொடங்குங்கள். இப்படி ஒரு குழந்தையைப் பெற்ற தாய்மார்களிடம் நடந்த பெரிய ஆய்வு 1991இல் வெளியானது; தினமும் 4 மில்லிகிராம் எடுத்தவர்களிடம் பாதிப்பு 72 சதவீதம் குறைந்தது. நாள் தள்ளிப்போன பிறகு தொடங்கினால் பெரும்பாலும் காலம் கடந்துவிடும். மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய் கருத்தரித்த நான்கு வாரத்திலேயே மூடிவிடுகிறது.

ஸ்கேனில் முதுகுக்கு முன்பே தலைதான் காட்டிக்கொடுக்கும். நெற்றி இருபுறமும் உள்வாங்கி எலுமிச்சை வடிவிலும், சிறுமூளை வளைந்து வாழைப்பழ வடிவிலும் தெரியும். முந்தைய குழந்தையின் ரிப்போர்ட்டை மறக்காமல் கொண்டுபோங்கள்.

ஆணா பெண்ணா என்று ஸ்கேனில் தெரியுமா?

கேட்பதும் சொல்வதும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இத்தகைய கேள்விகளுக்குப் பதில் இல்லை.

வயது 37. அனாமலி ஸ்கேன் நார்மல். டவுன் சிண்ட்ரோம் இல்லை என்று நிம்மதியாக இருக்கலாமா? (கோவை)

அப்படி முடிவு செய்யாதீர்கள். குரோமோசோம் ஒன்று கூடுதலாக உள்ள டவுன் குழந்தைகளில், அந்த ஸ்கேனில் எந்த அடையாளமும் காட்டாதவர்கள் ஏராளம். என்.டி. ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் சேர்ந்தால் பத்தில் ஒன்பது பிடிபடும், தாயின் ரத்தத்தில் கலந்திருக்கும் கருவின் மரபணுத் துணுக்குகளைப் பார்க்கும் என்.ஐ.பி.டி. பரிசோதனை இன்னும் துல்லியமானது. ஆனால் இவை எல்லாம் சந்தேகத்தைச் சொல்பவை மட்டுமே. உறுதி செய்ய பனிக்குட நீரை எடுத்துத்தான் பார்க்க வேண்டும். என்.ஐ.பி.டி. முடிவை மட்டும் வைத்துக் கருக்கலைப்புக்குப் போகாதீர்கள்.

என்.டி. ஸ்கேன் எத்தனையாவது வாரம்? (மூன்று பேர்)

முதல் பதிலில் இருக்கிறது. 14 வாரம் ஆகிவிட்டால் அந்த அளவு பயன்படாது. வாரத்தைத் தவறவிடாதீர்கள்.

அத்தை மகனைத்தான் மணந்திருக்கிறேன். ஸ்கேன் போதுமா? (விருதுநகர்)

போதாது. மரபணு ஆலோசனையும் வேண்டும். இருவருக்கும் பொதுவான தாத்தா பாட்டியிடமிருந்து ஒரே பழுதுபட்ட மரபணு இருவருக்கும் வந்திருக்கலாம்.

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக உறவில்தான் கட்டுகிறோம், எல்லாக் குழந்தைகளும் நலம். டாக்டர் வீணாகப் பயமுறுத்துகிறார். (ராஜபாளையம்)

நான் பயமுறுத்தவில்லை, ஐயா. பொதுவாக நூறு குழந்தைகளில் இரண்டு மூன்று பேருக்குப் பெரிய பிறவிக் குறை இருக்கும். அத்தை, மாமன் பிள்ளைகள் மணந்தால் அது ஏறக்குறைய இரட்டிப்பாகும். அப்படியும் நூற்றில் தொண்ணூறுக்கு மேல் நலமாகவே பிறக்கிறார்கள். உங்கள் வீட்டில் நீங்கள் பார்த்தது அதைத்தான்.

அப்படியானால் அக்கா மகளைக் கட்டுவதும் அதே அளவுதானே? (அவரே மீண்டும்)

இல்லை. தாய்மாமனும் அக்கா மகளும் நான்கில் ஒரு பங்கு மரபணுவைப் பகிர்கிறார்கள். அத்தை, மாமன் பிள்ளைகள் எட்டில் ஒரு பங்கு.

உறவில் கட்டுவதையே சட்டம் போட்டுத் தடுக்க வேண்டும். (சேலம் வாசகி)

அம்மா, இதை இருவரும் இங்கே வழக்காட வேண்டாம். தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கு மேற்பட்ட திருமணங்கள் உறவுக்குள் நடப்பதாக 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஏற்கெனவே வயிற்றில் பிள்ளையுடன் என் முன்னால் உட்காரும் பெண்ணுக்கு இந்தச் சண்டையால் என்ன பயன்? அவளைக் குற்றவாளி ஆக்காதீர்கள். விருதுநகர்ச் சகோதரிக்கு ஒன்று: காது கேளாமை, தலசீமியா என்னும் ரத்த நோய், உணவை உடல் பயன்படுத்துவதில் பிழை நேரும் பல வளர்சிதைக் கோளாறுகள் எந்த ஸ்கேனிலும் தெரியாது. குடும்பத்தில் காரணம் தெரியாமல் இறந்த குழந்தை உண்டா என்று மாமியாரிடமும் அம்மாவிடமும் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள்.

இதயத்தில் வெள்ளைப் புள்ளி என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது. தூக்கம் வரவில்லை. (திருச்சி)

அது மட்டும் தனியாக இருந்து, முந்தைய பரிசோதனைகளும் சரியாக இருந்தால் இதயக் கோளாறு அல்ல. தூங்குங்கள்.

23 வாரம். இன்னும் அனாமலி ஸ்கேன் எடுக்கவில்லை. (நாகப்பட்டினம்)

நாளைக்கே எடுங்கள். பெரிய குறை தெரிந்தால், கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தத்தின்படி 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்களின் கருத்தோடு கருக்கலைப்பு பற்றி முடிவெடுக்கலாம். அதைத் தாண்டினால் மாநில மருத்துவக் குழுவின் ஒப்புதல் வேண்டும். நாள் கணக்கைச் சரிபார்க்க முதல் மூன்று மாத ஸ்கேன் ரிப்போர்ட்டையும் எடுத்துப்போங்கள்.