கல்யாணத்துக்கு முன் ஒப்பந்தம்: செல்லுமா?

கேள்வி: தை மாதம் எனக்குத் திருமணம். என் பெயரில் வங்கிக் கடனில் வாங்கிய ஃபிளாட் இருக்கிறது. ‘பிரிந்தால் ஜீவனாம்சம் கேட்க மாட்டேன், ஃபிளாட்டில் அவருக்குப் பங்கில்லை’ என்று பத்திரத்தில் எழுதிக்கொள்ளலாம் என்கிறார் வருங்காலக் கணவர். செல்லுமா?
- வாசகி, கோவை

பதில்: ஜீவனாம்சத்தை விட்டுக்கொடுக்கும் வரியை நம்பாதீர்கள். பொதுக்கொள்கைக்கு முரணான ஒப்பந்தம் செல்லாது என்கிறது 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 23-வது பிரிவு. நோட்டரி முத்திரை அதை மாற்றாது. கோவாவில் கதை வேறு. அங்குள்ள சிவில் சட்டமே திருமண முன் ஒப்பந்தத்தை ஏற்கிறது.

ஃபிளாட்டுக்குப் பத்திரமே தேவையில்லை. தாலி ஏறியதால் மட்டும் கணவருக்குப் பங்கு வந்துவிடாது. சிக்கல் தவணையில்தான். அவர் கணக்கிலிருந்து இ.எம்.ஐ. போகத் தொடங்கினால், பின்னாளில் ‘நானும் பணம் போட்டேன்’ என்று வழக்கு வரலாம். தவணை உங்கள் கணக்கிலிருந்தே போகட்டும். அவர் தந்தால் அது கடனா, அன்பளிப்பா என்று எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். உயில் இல்லாமல் நீங்கள் இறந்தால் கணவரும் பிள்ளைகளும்தான் முதல் வாரிசுகள் என்பதையும் மறக்க வேண்டாம்.

நகைக்கு 1985 வரதட்சணைத் தடுப்பு விதிகளின்படி பட்டியல் போடுங்கள்: பொருள், உத்தேச மதிப்பு, கொடுத்தவர் பெயர், உறவுமுறை, மணமக்கள் கையெழுத்து. ‘நெக்லஸ் 1’ என்று எழுதினால் போதாது. எடையும் வேண்டும், ரசீதும் வேண்டும்.