ஆத்தங்குடிக் கல்லில் டேங்க் ஓட்டலாமா?

கேள்வி: தேவகோட்டைப் பக்கம் எங்கள் பெரிய வீடு. மே மாதம் பேரனும் (11) பேத்தியும் (8) வருகிறார்கள். போனை விட்டுத் தலை நிமிர மாட்டார்கள். ரிமோட்டில் ஓடும் மாடல் டேங்க் வாங்கினால் வீட்டோடு சேர்ந்து விளையாடலாம் என்கிறான் மகன். இரும்புச் சங்கிலி போட்ட பெரிய டைகர் டேங்க்தான் வேண்டுமாம். வாங்கலாமா? ஆத்தங்குடிக் கல் பதித்த தரை பாழாகாதா?

பதில்: வாங்கலாம் ஆச்சி. ஆனால் டைகர் வேண்டாம், இரும்புச் சங்கிலியும் வேண்டாம்.

முதலில் தரை. ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டதல்ல. சிமெண்டையும் வண்ணத்தையும் கண்ணாடி மேல் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்துக் கையால் செய்தது. மாடல் டேங்கின் சக்கரம் கார்ச் சக்கரம் மாதிரி திரும்பாது. ஒரு பக்கச் சங்கிலி ஓட, மறுபக்கம் நிற்கும் அல்லது பின்னால் ஓடும், அப்படித்தான் திரும்புகிறது. திரும்பும்போதெல்லாம் சங்கிலி தரையைப் பக்கவாட்டில் தேய்க்கும். எங்கள் வீட்டு இரண்டாங்கட்டுத் தரையில் இரும்புச் சங்கிலி வண்டியை நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன். அரைவட்டமாக வெள்ளைக் கீறல். அப்பத்தா ஒன்றும் சொல்லாமல் அதன்மேல் பாயை விரித்தார். பாய் இன்றும் அங்கேதான் கிடக்கிறது. பிளாஸ்டிக் சங்கிலி போதும். அதையும் உள்ளே ஓட்டுமுன் ஈரத்துணியால் துடையுங்கள். சங்கிலியில் ஒட்டிய மணல்தான் அரம்.

அடுத்து, ஏன் டைகர் வேண்டாம்? அதன் சக்கரங்கள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினாற்போல் இருக்கும். இரண்டாம் உலகப் போரில் ரஷ்யாவில் அந்த இடுக்குகளில் சேறு உறைந்து ஜெர்மனியின் நிஜ டைகரே திணறியிருக்கிறது. நம்மூர்ச் செம்மண்ணில் பனி இல்லை, சரளைக்கல் உண்டு. ஒரு கல் சிக்கினால் சங்கிலி கழலும், இல்லையேல் கியர் பல் போகும். ரஷ்ய டேங்கான டி-34 மாடல் வாங்குங்கள். பக்கத்துக்கு ஐந்து பெரிய சக்கரம், நடுவில் நல்ல இடைவெளி. பழைய டூத் பிரஷ் தாராளமாக உள்ளே போகும். அமெரிக்க ஷெர்மனும் சரிதான், அளவில் இன்னும் சிறியது, பேத்தி தூக்கலாம்.

அளவு, பதினாறில் ஒரு பங்காகச் சுருக்கியதாக இருக்கட்டும். எட்டரை மீட்டர் டைகரே அந்த அளவில் 53 செ.மீ.தான். இதைவிடச் சிறியவை புல்லிலும் மண்ணிலும் திணறும். ஹெங் லாங் என்ற சீன கம்பெனியின் வண்டிகள் பெட்டியைத் திறந்ததும் ஓடும், பத்தாயிரத்துக்கு மேல் ஆகும். ஜப்பான் கம்பெனியான டமியாவின் கிட் நீங்களே கோக்க வேண்டியது; அழகு, ஆனால் விலை பல மடங்கு. பிள்ளைகள் தொடப் பயப்படும் பொருள் முதல் வண்டியாக வரக்கூடாது.

சில வண்டிகள் 6 மி.மீ. பிளாஸ்டிக் குண்டு சுடும். எட்டு வயசுக் குழந்தை இருக்கும் வீட்டில் அது வேண்டாம், கண் முக்கியம். இன்ஃப்ராரெட் முறை இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். டிவி ரிமோட் மாதிரி கண்ணுக்குத் தெரியாத ஒளிதான் பாயும். அடிபட்ட வண்டி குலுங்கும், பல அடி பட்டால் கொஞ்ச நேரம் நின்றுவிடும். நேர்வெயிலில் இந்த ஒளி தடுமாறும். மே மாத வெயிலில் பகலில் யார் ஓட்டப் போகிறார்கள்? மாலை ஐந்துக்கு மேல் பாருங்கள்.

பேட்டரி, பெரும்பாலும் 7.4 வோல்ட் லித்தியம். காரைக்குடியில் 1953-லிருந்து மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பேட்டரி விஷயத்தில் நம்மூருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்தான். ஆனாலும் சொல்கிறேன்: வண்டியிலிருந்து கழற்றி, சூடு ஆறியபின், கூடவே வந்த சார்ஜரில், ஆள் விழித்திருக்கும்போது மட்டும் சார்ஜ் ஏற்றுங்கள். காருக்குள் வெயிலில் விடாதீர்கள். பேட்டரி வீங்கினால் அந்த நிமிடமே நிறுத்திவிட வேண்டும். விடுமுறை முடிந்து எடுத்து வைக்கும்போது முழுசாக ஏற்றவும் வேண்டாம், காலியாகவும் வேண்டாம்.

கியருக்கு அதற்கான கிரீஸ். தேங்காயெண்ணெய் வேண்டவே வேண்டாம். சங்கிலி எப்போதும் உலர்ந்தே இருக்க வேண்டும், எண்ணெய் பட்டால் செம்மண் அப்பிக்கொள்ளும்.

இப்போதைக்கு ஒரு வண்டி போதும். ஆனால் நடக்கிற வேகத்தில் போகும் வண்டியைச் சும்மா ஓட்டினால் நாலு நாளில் சலித்துவிடும். அதனால் பேரன் திரும்பி நின்று ஓட்டட்டும், பேத்தி பார்த்து "வலது, நில்லு, பின்னால" என்று சொல்லட்டும். அடுத்த முறை இடம் மாற வேண்டும். பின்கட்டுக்கு வெளியே செங்கல், பலகை, கொட்டாங்குச்சி போட்டுக் களம் அமைக்கச் சொல்லுங்கள். கிழிந்த ஓலைக் கொட்டானைக் கவிழ்த்தால் பதுங்குமிடம். இதில் ஒரு முழுக் காலை போகும், போன் ஞாபகமே வராது. ஆர்வம் நிலைத்தால் தீபாவளிக்கு இரண்டாவது வண்டி. ஆனால் அதே இன்ஃப்ராரெட் முறையாக இருக்க வேண்டும், இல்லையேல் ஒன்று சுடுவது மற்றதற்குத் தெரியாது.

வீட்டுக்குள் ஓட்டினால் முற்றத்து விளிம்பில் ஒரு வரிசை செங்கல் வையுங்கள். எங்கள் வண்டி அங்கிருந்து குப்புற விழுந்துதான் குழல் முறிந்தது.