ஹசூர் சாகிபில் ஆரத்தி, விருந்தில் அசைவம்

கே: நாந்தேடு ஹசூர் சாகிப் குருத்வாராவில் (சீக்கியர் வழிபாட்டுத் தலம்) தீபம் சுற்றி ஆரத்தி எடுத்தார்கள். அமிர்தசரஸ் பொற்கோயிலில் அப்படிப் பார்க்கவில்லையே! எது சரி?

ப: தீர்ப்புச் சொல்வது விருந்தாளியின் வேலை அல்ல. பெரும்பாலான குருத்வாராக்கள் பின்பற்றுவது, குருத்வாராக்களை நிர்வகிக்கும் அமைப்பான சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி 1945-ல் இறுதி செய்த ‘சீக்கிய ரெஹத் மரியாதா’ என்னும் ஒழுக்க நெறியை. தீப ஆரத்தியை அது ஏற்பதில்லை. ஹசூர் சாகிப், பாட்னா சாகிப் இரண்டிலும் பழைய வழக்கமே தொடர்கிறது. குரு கோவிந்த் சிங்கின் பெயரில் வழங்கும் தசம கிரந்தம் என்னும் நூலையும் அங்கே பீடத்தில் வைக்கிறார்கள். எங்கே போனாலும் தலையை மூடுங்கள், காலணியைக் கழற்றுங்கள். பையில் சிகரெட் இருந்தால் வெளியிலேயே விட்டுவிடுங்கள்.

கே: சீக்கிய நண்பர் குடும்பத்தை விருந்துக்கு அழைத்திருக்கிறோம். அசைவம் சமைக்கலாமா?

ப: முதலில் அவர்களிடமே கேளுங்கள். மேலே சொன்ன ரெஹத் மரியாதா தடை செய்வது ‘குட்டா’, அதாவது ஹலால் முறையில் அறுத்த இறைச்சி. சீக்கியப் போர்வீரர் மரபினரான நிஹங்குகள் ஒரே வெட்டில் வெட்டிய ‘ஜட்கா’ உண்பார்கள். தம்தமி தக்சால், அகண்ட கீர்த்தனி ஜத்தா என்னும் சீக்கியக் குழுக்களின் வழியினர் இறைச்சியே தொடுவதில்லை, முட்டையும் கூடாது. பலர் சறுக்குவது கேக்கில்தான்!

‘சர்ப்லோஹ் பிபேக்’ என்னும் உணவு நெறியைக் கடைப்பிடிப்பவர்கள் இன்னும் கறார். அமிர்தம் எடுத்த, அதாவது சீக்கிய தீட்சை பெற்ற ஒருவர் இரும்புப் பாத்திரத்தில் சமைத்ததை மட்டுமே இவர்கள் சாப்பிடுவார்கள். உங்கள் வீட்டுச் சாம்பாரை மறுத்தால் அவமதிப்பாக எண்ண வேண்டாம். “எங்களுக்குத் தெரிந்த இன்னொரு சர்தார்ஜி சாப்பிடுவாரே” என்று மட்டும் வாதாடிவிடாதீர்கள்.