நான்கில் இரண்டு இல்லை: ரத்தசோகையா, மரபணுவா?

கேள்வி: வயது 26. பள்ளி நாளிலிருந்தே ரத்தசோகை என்று இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறேன். ஹீமோகுளோபின் 11.6-ஐத் தாண்டவில்லை. எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரி அளவு) 70, சிவப்பணுக்கள் 55 லட்சம், ஃபெரிட்டின் 48. ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்க்கும் எச்.பி.எல்.சி. பரிசோதனை இயல்பு. இப்போது மரபணுப் பரிசோதனையில், ஆல்ஃபா குளோபின் 3.7 நீக்கம் இரு குரோமோசோம்களிலும் இருப்பதாக வந்துள்ளது. எத்தனை மரபணு இருக்கிறது என்பதை எப்படி எண்ணுகிறார்கள்? கணவர் என் அத்தை மகன். குழந்தைக்கு ஆபத்து உண்டா?

பதில்: முதலில் அந்த மாத்திரையை நிறுத்துங்கள். ஃபெரிட்டின் 48 என்றால் இரும்பு இருப்பில் குறையில்லை. விடை உங்கள் சாதாரண ரத்த அறிக்கையிலேயே இருந்தது. எம்.சி.வி. 70-ஐ 5.5-ஆல் (55 லட்சம் என்பது 5.5 மில்லியன்) வகுத்துப் பாருங்கள். 13-க்குக் கீழே வரும்; அது இரும்புக் குறைவைவிடத் தலசீமியா என்னும் பரம்பரை ரத்தக் குறைபாட்டையே சுட்டும். இரும்புக் குறைவில் சிவப்பணு சிறுத்து, எண்ணிக்கையும் பெரும்பாலும் குறையும். உங்களுக்கு அணுக்கள் சிறியவை, ஆனால் ஏராளம். உங்களுக்கு இருப்பது ஆல்ஃபா தலசீமியாவின் லேசான வடிவம். இத்தனை ஆண்டுகளில் ஒருவராவது இதைக் கவனித்திருக்க வேண்டும் என்பதில் எனக்கு வருத்தமே.

பெரும்பாலான மரபணுக்கள் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டுதான். ஆனால் ஹீமோகுளோபினின் ஒரு பகுதியை உருவாக்கும் ஆல்ஃபா குளோபின் மரபணு 16-ஆம் குரோமோசோம் ஒவ்வொன்றிலும் இரண்டு, மொத்தம் நான்கு. அடுத்தடுத்து இருக்கும் இவ்விரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோல இருப்பதால், கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது ஜோடி சேர்வதில் சில நேரம் இடம் மாறிவிடும். ஒரு பக்கம் 3,700 டி.என்.ஏ. எழுத்துகள் கொண்ட துண்டு (3.7 என்பது இதுதான்) விடுபட்டு ஒரே மரபணு மிஞ்சும், மறுபக்கம் மூன்றாகும். மொத்தம் ஐந்து வைத்துக்கொண்டு நலமாக வாழ்பவர்களும் உண்டு.

ஒன்றுபோல இருப்பவற்றைப் படித்துப் பார்த்து எண்ண முடியாது. அரிசியைப் படியால் அளப்பதுபோல் அளக்க வேண்டும்: நான்கும் உள்ளவரின் மாதிரியோடு ஒப்பிட்டு, அளவு பாதியா, முழுதா என்று பார்ப்பார்கள். நீக்கத்தைத் தனியாகத் தேடும் சோதனையும் உண்டு. உங்களுக்கு அதில் குறைந்த துண்டின் பட்டை மட்டும் தெரிந்திருக்கும், முழுத் துண்டின் பட்டை இருந்திருக்காது. எச்.பி.எல்.சி. பெரும்பாலும் பீட்டா வகைத் தலசீமியாவைத்தான் பிடிக்கும்.

இனி குழந்தை. உங்கள் இரு குரோமோசோம்களிலும் ஒவ்வொரு மரபணு எஞ்சியுள்ளது. அவற்றில் எது குழந்தைக்குச் சென்றாலும் உங்களிடமிருந்து ஒரு மரபணு நிச்சயம். கணவருக்கும் இதே நீக்கம் இருந்தால், குழந்தை அதிகபட்சம் உங்களைப்போல இருக்கும். அவருடைய ஒரு குரோமோசோமில் இரண்டுமே இல்லாதிருந்தால் குழந்தைக்கு ஒன்றே மிஞ்சி, ரத்தசோகை கூடுதலாக இருக்கும் ஹீமோகுளோபின் எச் நோய் வரலாம். அது தென்கிழக்கு ஆசியாவில் அதிகம், நம்மிடம் அரிது. ஆனாலும் உறவுத் திருமணம் என்பதால் அவருக்கும் ரத்த எண்ணிக்கையும் எச்.பி.எல்.சி.யும் பாருங்கள். அவர் எம்.சி.வி. குறைவாக இருந்தால் மரபணுப் பரிசோதனையும் தேவை.

ஃபோலிக் அமிலத்தை இப்போதே தொடங்கலாம். கர்ப்பத்தில் இரும்புத் தேவை உங்களுக்கும் கூடும். அப்போது ஃபெரிட்டின் பார்த்து மருத்துவர் சொல்லும் அளவு போதும். உடன்பிறந்தவர்கள் இருந்தால், அவர்களும் பயனில்லாமல் மாத்திரை விழுங்கிக்கொண்டிருக்கிறார்களா என்று கேளுங்கள்.