அறுபத்திரண்டுக்கு ஏன் முகம் வாடியது?

சென்ற இதழில் வேறு எதையோ சொல்லப்போய், அமெரிக்காவில் முனைவர் பட்டத்துக்குப் படித்தபோது ஐந்து வருடம் டி.ஏ.வாக இருந்தேன் என்று ஒரு வரி எழுதிவிட்டேன். டி.ஏ. என்றால் நம் ஊரில் பஞ்சப்படி. "உங்களுக்கு எத்தனை சதவீதம் கொடுத்தார்கள்?" என்று ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கேட்டிருக்கிறார். அது வேறு, ஐயா. இது டீச்சிங் அசிஸ்டன்ட். கற்பித்தல் உதவியாளர் என்று தமிழில் சொல்லலாம். சொன்னால் சோதனைக்கூடத்தில் குடுவை கழுவுகிறவர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

*என் மகளுக்கு அமெரிக்காவில் அரசியல் அறிவியல் முனைவர் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. டி.ஏ. வேலை தருகிறோம், கல்விக் கட்டணம் கிடையாது என்று கடிதத்தில் இருக்கிறது. அவள் படிக்கப் போகிறாளா, வேலைக்குப் போகிறாளா? இதில் ஏமாற்று ஏதும் இருக்குமா?*
– ஒரு தாய், ஈரோடு

ஏமாற்று இல்லை அம்மா. படிப்பும் உண்டு, வேலையும் உண்டு. பேராசிரியர் வாரத்துக்கு இரண்டு முறை இருநூறு முந்நூறு பேர் உட்காரும் அரங்கில் பாடம் நடத்துவார். அந்தக் கூட்டத்தை இருபது இருபத்தைந்து பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து வாரம் ஒரு முறை உட்காரவைத்துப் பேசவைப்பது உங்கள் மகளின் வேலை. அதற்கு செக்‌ஷன் என்று பெயர். எனக்கு மூன்று செக்‌ஷன், 72 பிள்ளைகள். அது போக, பேராசிரியரின் வகுப்பிலும் உட்கார வேண்டும், வாரம் இரண்டு மணி நேரம் அறையில் காத்திருந்து சந்தேகம் தீர்க்க வேண்டும், விடைத்தாள் திருத்த வேண்டும். மாணவர் விசாவில் இருப்பவர் பாட நாட்களில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது என்பது சட்டம். திருத்துகிற வாரத்தில் அந்த 20 எங்கே போனது என்று தெரியாது.

பணத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், இதை அந்தக் கடிதத்தில் பெரிய எழுத்தில் போடமாட்டார்கள். நான் 2011 ஆகஸ்ட் நடுவில் போய் இறங்கினேன். முதல் சம்பளம் அக்டோபர் முதல் தேதிதான் வந்தது. அதற்குள் வாடகை, முன்பணம், கட்டணம் இல்லை என்று சொன்ன பிறகும் இருந்த சில்லறைக் கட்டணங்கள், புத்தகம் எல்லாம் உண்டு. கொண்டுபோன 900 டாலர் செப்டம்பர் பத்தோடு தீர்ந்துவிட்டது; சீனியர் ஒருத்தியிடம் கடன் வாங்கினேன். தவிர, என் சம்பளம் ஒன்பது மாதத்துக்குத்தான். கோடை மூன்று மாதத்துக்கு என்ன ஏற்பாடு என்று மகளை இப்போதே துறை அலுவலகத்துக்கு எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. நான் கேட்கவில்லை, முதல் கோடையில் அதை அனுபவித்தேன்.

*நான் அரசுக் கலைக் கல்லூரியில் தமிழ் வழியில் படித்தவன். அமெரிக்க மாணவர்களுக்கு என் ஆங்கிலம் புரியுமா?*
– முதுகலை மாணவர், திருநெல்வேலி

பல பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு மாணவரை வகுப்புக்கு அனுப்பும் முன் ஒரு பேச்சுத் தேர்வு வைத்துப் பார்த்துவிடும். அதைத் தாண்டினால் உச்சரிப்பு பெரிய தடையில்லை, கொஞ்சம் மெதுவாகப் பேசினால் போதும். நம்மைக் காலை வாரிவிடுவது உச்சரிப்பு அல்ல, நம் ஊர் ஆங்கிலம். முதல் வகுப்பில் என்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, "2008-இல் கல்லூரியிலிருந்து பாஸ் அவுட் ஆனேன்" என்றேன். முன் வரிசைப் பெண் முகத்தில் அப்படி ஒரு கவலை. அங்கே பாஸ் அவுட் என்றால் மயக்கம் போட்டு விழுவது. பாடம் முடிந்து "எனி டவுட்ஸ்?" என்றேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. டவுட் என்றால் அவர்கள் காதில் நம்பிக்கையின்மை என்று விழும். 'நான் சொன்னதை நம்பாதவர்கள் யார்?' என்று டீச்சர் கேட்டால் யார் கை தூக்குவார்கள்? "கொஸ்டின்ஸ்?" என்று மாற்றிக் கேட்ட பிறகு கைகள் எழுந்தன. தம்பி, தைரியமாகப் போங்கள்.

*அமெரிக்கப் பிள்ளைகளுக்கு அமெரிக்க அரசியலை நீங்கள் சொல்லிக் கொடுத்தீர்களா? கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதையாக இல்லையா?*
– வாசகர், தஞ்சாவூர்

இருந்தது. ஆனால் கொல்லன் தெருவிலும் ஊசி எப்படிச் செய்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியாது. கலிஃபோர்னியாவில் சுமார் 3.9 கோடிப் பேர், வயோமிங்கில் ஆறு லட்சத்துக்கும் குறைவு. இரண்டு மாநிலத்துக்கும் செனட்டில் ஆளுக்கு இரண்டே இடம். பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகியவர்களுக்கு அதில் கேட்க ஒன்றுமில்லை. நான் பலகையில் எங்கள் மாநிலங்களவையை எழுதினேன்: உத்தரப் பிரதேசம் 31, தமிழ்நாடு 18, சிக்கிம் 1. "இதுவும் மாநிலங்களின் சபைதான், ஏன் இப்படி?" என்றேன். அரை மணி நேரம் சண்டை. சிறிய மாநிலத்திலிருந்து வந்த ஒருவன் சிக்கிமுக்காக என்னிடமே வாதாடினான்.

2014 தேர்தல் முடிவு வந்த பிறகு, ஒப்பீட்டு அரசியல் வகுப்பில் அதுதான் என் துருப்புச் சீட்டு. இரண்டு கோடிக்கு மேல் வாக்கு வாங்கி, வாக்கு விகிதத்தில் நாட்டிலேயே மூன்றாவதாக வந்த பகுஜன் சமாஜ் கட்சிக்கு மக்களவையில் எத்தனை இடம் என்று கேட்பேன். ஐம்பது, அறுபது என்பார்கள். பூஜ்யம் என்று எழுதுவேன். அதிக வாக்கு வாங்கியவரே வென்றார் என்ற தேர்தல் முறை என்ன செய்யும் என்பதை அதற்குப் பிறகு விளக்கவே தேவையில்லை. அதே தேர்தலில் அ.தி.மு.க. 44 சதவீத வாக்குக்கு 39-இல் 37 தொகுதிகளை அள்ளியதைச் சொன்னால், "எண்ணும்போது தப்பு நடந்துவிட்டதா?" என்று கேட்ட பிள்ளையும் உண்டு.

*அங்கே மார்க் எப்படிப் போடுவார்கள்? நம் ஊர் மாதிரி கை இறுக்கமா, தாராளமா?*
– கல்லூரி விரிவுரையாளர், விருதுநகர்

இந்தக் கேள்விக்காகத்தான் மற்றவற்றுக்குச் சுருக்கமாக எழுதினேன்.

முதல் செமஸ்டர், அக்டோபர் மாத இடைத்தேர்வு. அங்கே விடைத்தாளுக்கு ப்ளூ புக் என்று பெயர். நீல அட்டை போட்ட மெல்லிய நோட்டு. 72 நீல நோட்டுகளை அரிசிச் சாக்கு மாதிரி தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். முக்கியக் கேள்வி, அமெரிக்க அரசியல் சாசனத்தை வடித்தவர்களில் ஒருவரான ஜேம்ஸ் மேடிசன் பற்றியது. அரசியல் சாசனத்தை ஏற்கலாமா வேண்டாமா என்று நாடே விவாதித்துக்கொண்டிருந்த 1787-இல், நியூயார்க் மக்களுக்காகப் பத்திரிகையில் வந்த கட்டுரை வரிசையில் பத்தாவது, அவர் எழுதியது. தன் லாபத்துக்காகப் பொது நலனைக் கெடுக்கும் கோஷ்டிகளை என்ன செய்வது என்பதுதான் விஷயம். கோஷ்டியை வேரறுக்க முடியாது என்கிறார் மேடிசன். நெருப்புக்குக் காற்று போல கோஷ்டிக்குச் சுதந்திரம். நெருப்பு வேண்டாம் என்று காற்றையே நிறுத்த முடியுமா? ஆகவே விளைவைக் கட்டுப்படுத்து, பெரிய குடியரசாக வை, தெருவுக்கு ஒரு சங்கம் இருந்தால் எந்தச் சங்கமும் ஊரை ஆள முடியாது. சுருக்கம் இதுதான்.

ஒரு பையனின் விடை எனக்குப் பிடித்திருந்தது. கிராமத்துப் பையன், அப்பாவுக்குச் சோள வயல். வாதத்தைத் தன் சொந்த வார்த்தையில் எழுதியிருந்தான். ஒரே ஒரு இடத்தில், பெரிய குடியரசில் கோஷ்டிகள் ஒழிந்துவிடும் என்று சறுக்கியிருந்தான். யோசித்து யோசித்து 62 போட்டேன். நல்ல மார்க். நம் கணக்கில் முதல் வகுப்பு! எனக்கே பி.ஏ.வில் 64-தான்.

திங்கட்கிழமை என் அறைக்கு வந்தான். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, நீல நோட்டைத் திறந்து வைத்தான். "மேடம், நான் எங்கே தப்பு செய்தேன் என்று காட்டுவீர்களா?" என்றான். "தப்பா? ரொம்ப நன்றாக எழுதியிருக்கிறாய்" என்றேன். "அப்புறம் ஏன் டி கிரேடு?"

அங்கே 93-க்கு மேல் ஏ. 60-க்குக் கீழே ஃபெயில். 62 என்றால் மயிரிழையில் தப்பித்தவன். பேராசிரியர் கொடுத்திருந்த திருத்தக் குறிப்பில் எந்தப் பகுதிக்கு எத்தனை மார்க் என்று இருந்தது. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று இல்லை. அங்கே அதை யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை, பள்ளிக்கூடத்திலிருந்தே தெரியும். 72 பேரில் ஐம்பது பேருக்கு மேல் நான் முதல் வகுப்பு கொடுத்து நாசமாக்கியிருந்தேன்.

பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். சிரித்துவிட்டார், அது திட்டியிருந்தாலே தேவலை என்று இருந்தது. 72 நோட்டையும் திரும்ப வாங்கி, ஒரு சனி, ஞாயிறு முழுக்க உட்கார்ந்து மறுபடி திருத்தினேன். இந்த முறை ஒவ்வொன்றிலும் ஏன் குறைத்தேன் என்று ஓரத்தில் எழுதினேன். சும்மா 'நன்று', 'போதாது' என்றெல்லாம் எழுதித் தப்பிக்க முடியாது. கொண்டுவந்து விரித்துவைத்துக் கேட்பார்கள். அந்தப் பையனுக்கு 86. 'ஒழியும் அல்ல, அடங்கும்' என்று ஓரத்தில் எழுதி, கட்டுரையில் அது வரும் பத்தியையும் குறித்தேன்.

ஆக, உங்கள் கேள்விக்குப் பதில்: கை தாராளம்தான். ஆனால் குறைத்த ஒவ்வொரு மார்க்குக்கும் கணக்குச் சொல்ல வேண்டும். அடுத்த செமஸ்டரிலிருந்து, எல்லா டி.ஏ.க்களும் ஒரே ஐந்து விடைத்தாளைத் தனித்தனியாகத் திருத்தி, ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் கட்டைப் பிரித்தோம். ஒரே தாளுக்கு ஒருவர் 91, ஒருவர் 78. ஏன் என்று மேசையில் வைத்துப் பேசுவோம். அந்த ஒரு மணி நேரத்தில் நான் கற்ற அரசியல் அறிவியல் என் சொந்த வகுப்புகளில் கற்றதைவிடக் குறைவில்லை.

*என் மகன் அமெரிக்காவில் இளங்கலை படிக்கிறான். மார்க் கேட்டால் பேச்சை மாற்றுகிறான். அவனுடைய டி.ஏ.வுக்கு நானே ஒரு மெயில் போடலாமா?*
– ஒரு தந்தை, மதுரை

போடலாம், பதில் வராது. 1974-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. கல்லூரிக்குள் நுழைந்துவிட்டால் மார்க் விவரம் பையனின் உரிமை; அவன் எழுத்தில் சம்மதம் தராமல் ஒரு டி.ஏ. உங்களிடம் வாய் திறக்கமாட்டார். எனக்கே ஒரு அம்மா போன் செய்து அழுதிருக்கிறார். அவர் மகன் என் வகுப்பில் இருக்கிறானா இல்லையா என்பதைக்கூட நான் சொல்லவில்லை. கஷ்டமாகத்தான் இருந்தது.

*டி.ஏ.க்களுக்குச் சங்கம் உண்டா? வேலை நிறுத்தம் செய்வார்களா?*
– தொழிற்சங்கத் தோழர், சென்னை

உண்டு தோழர். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மேடிசன் வளாகத்தில் 1966-லேயே சங்கம் ஆரம்பித்து, 1970-இல் வேலை நிறுத்தமும் செய்தார்கள். தனியார் பல்கலைக்கழகங்கள் மட்டும், இவர்கள் மாணவர்கள், தொழிலாளர்கள் அல்ல என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தன. கொலம்பியா பல்கலைக்கழக வழக்கில் 2016-இல் தேசியத் தொழிலாளர் உறவு வாரியம், இவர்களும் தொழிலாளர்களே என்றது. நான் ஊர் திரும்பிய பிறகு, 2022 நவம்பர் 14 அன்று கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் டி.ஏ.க்களும் ஆராய்ச்சியாளர்களுமாகச் சுமார் 48,000 பேர் வேலையை நிறுத்தினார்கள். தேதியைக் கவனியுங்கள்: இறுதித் தேர்வுக்கு மூன்று நான்கு வாரம் முன்பு. வகுப்பு நடக்காவிட்டால் பிள்ளைகளுக்குச் சந்தோஷம்தான். மார்க் வராவிட்டால்தான் நிர்வாகத்துக்கு வலிக்கும்.

நான் சங்கத்தில் சேர்ந்தேனா என்றால், சேர்ந்தேன், மூன்றாவது வருடம். அதுவரை விசாவை நினைத்துப் பயம். வெளிநாட்டு மாணவர் சேரத் தடையில்லை என்று யாரோ எடுத்துச் சொல்லும்வரை அந்தப் பயம் போகவில்லை.

*இப்போது இங்கே வேலை பார்க்கிறீர்கள். நம் ஊர் விடைத்தாளையும் அப்படித்தான் திருத்துகிறீர்களா?*
– வாசகி, கும்பகோணம்

வம்பில் மாட்டிவிடுகிறீர்களே. திருத்தும் முகாமுக்குப் போவேன். காலையில் ஒரு கட்டு, மதியம் ஒரு கட்டு. பெயர் கிடையாது, டம்மி நம்பர் மட்டும். போன வருடம் பழக்க தோஷத்தில் ஒரு தாளின் ஓரத்தில், 'கூட்டாட்சி பற்றிய வரி சரி, உதாரணம் தவறு' என்று எழுதிவிட்டேன். மேற்பார்வையாளர் பின்னால் வந்து நின்றார்.

"மேடம், யாருக்கு எழுதுறீங்க? பையன் பார்க்கவே போறதில்ல."

"மறுமதிப்பீட்டுக்கு நகல் வாங்கினா பார்ப்பான் சார்."

"அதனாலதான் சொல்றேன், எழுதாதீங்க."